உறை

ஞானசிகாமணியிடம் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. பிடியிலிருந்து குழல்வரை திராட்சைக் கொடி செதுக்கியது. அதற்கென்றே தைத்த தோல் உறையைத் தேடி அவர் ஏறி இறங்காத ஏலக்கடை இல்லை. கடைசியில் அது, பழம்பொருள் சேர்க்கும் பித்து நேற்றுதான் பிடித்த நண்பர் சொக்கலிங்கத்தின் கையில் போய் விழுந்தது.

"துப்பாக்கியை எடுத்துட்டு வாங்க சார், போட்டுப் பார்ப்போம்" என்று போனில் கூப்பிட்டார் சொக்கலிங்கம்.

போட்டார்கள். ரிவால்வர் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. பிடியில் தொடங்கிய கொடி உறையின் தோலில் தொடர்ந்து ஓடியது. இத்தனை வருடம் தான் பட்டுத்துணியில் சுற்றிக் காத்த துப்பாக்கி, இன்னொருவன் வீட்டில் அப்படிப் பொருந்தி நிற்பதைப் பார்க்க ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது.

"இது உங்களுக்குத்தான் சார். பார்த்ததுமே உங்க ஞாபகம்தான் வந்துச்சு. எடுத்துக்குங்க."

கொடுக்கிற பாக்கியமும் இவனுக்கா என்றிருந்தது. ரிவால்வரை உருவினார். சட்டென்று வரவில்லை, பலமாக இழுக்க வேண்டியிருந்தது.

"இது வேற துப்பாக்கியோடது" என்றார்.

"கொடிகூடச் சேர்ந்துச்சே சார்?"

"அந்தக் காலத்துல எல்லாத்துலயும் இந்தக் கொடிதான்."

சொக்கலிங்கம் நம்பிவிட்டார். வெற்று உறையை வருத்தத்தோடு தடவினார். "அப்போ இதோட துப்பாக்கி எங்கேயோ தனியாக் கிடக்குது. நீங்கதான் சார் தேடிக் கொடுக்கணும்."

ஞானசிகாமணி ரிவால்வரைப் பைக்குள் வைத்து மூடினார்.

"தேடுவோம்" என்றார்.