மூணு கோடா, ஒரு வட்டமா

நான்தான், உங்க சின்னவன். வயசு இருபத்தாறு. இப்ப ஆராய்ச்சிக் கூடத்துல மாடிப்படிக்குக் கீழ நிக்கிறேன். நான் பேசப் பேச போனே எழுதுது, தப்பு இருந்தா அதைத் திட்டுங்க.

அம்மா, அக்கா, அக்காவைக் கட்டின மாமா, மூணு பேருக்கும் சேத்துதான் இது.

அங்க என்னத்தைக் கிழிக்கிறேன்னு கேப்பீங்களே, சொல்றேன்.

மூணு பேர் ரெண்டு ரெண்டு பேரா தனித்தனியா பேசிக்கிட்டா அது மூணு கோடு. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசினா ஒரு வட்டம். பழைய நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது தானாக் கத்துக்கிற கம்ப்யூட்டர் மூளைக்கு, ரெண்டும் ஒண்ணுதான். வட்டத்தை வட்டமாவே காட்டுற ஹைப்பர்கிராஃப்னு ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்தா அந்த மூளையால எதை எதுலேருந்து பிரிச்சுப் பாக்க முடியும்? அதுதான் என் வேலை.

பாத்துப் பாத்து எனக்கே அந்தக் கண்ணு வந்துடுச்சு.

இன்னிக்கு முதல்ல அம்மாவைக் கூப்பிட்டேன். தனியா இருக்கேன்னாங்க. பின்னாடி நம்ம வீட்டுக் கூடத்து ஃபேன், டக் டக்குனு.

அடுத்து மாமா. கடையில இருக்காராம்.

கடையிலயும் அதே டக் டக்.

வயிறு எரிஞ்சுது. மறைக்க மாட்டேன். நேத்து கல்யாணமாகி வந்த மாமா என் ஜன்னலோர நாற்காலியில. அக்கா பக்கத்துல. அம்மா எதிர்ல. நான் இல்லாத வட்டம். எனக்கு மட்டும் ஆளுக்கொரு கோடு, போனாப் போகுதுன்னு.

இதுல பொய் வேற. நான் வந்தா அப்படி என்ன கெட்டுப் போயிடும்?

"சரி மாப்ள, வைக்கிறேன்"னார் மாமா. வைக்க மறந்துட்டார்.

நானும் வைக்கல. நீங்க சிரிக்கிறதை ஒட்டுக் கேக்கணும்னுதான்.

அக்கா குரல் வந்துச்சு.

"அடுத்து எனக்குத்தான் அடிப்பான், ஸ்பீக்கர்ல போடுறேன். யாரும் மூச்சு விடாதீங்க. ஒண்ணா இருக்கோம்னு தெரிஞ்சா அந்தக் கஞ்சன் ஒரே ஃபோன் கால்ல முடிச்சுடுவான், மூணு தடவை அவன் குரலைக் கேக்க முடியாது."

கட் பண்ணிட்டு இங்க படிக்குக் கீழ வந்துட்டேன். கண்ணைத் தொடைக்க ஒரு இடம் வேணும்ல.

வட்டத்துல நாலு பேர். நான்தான் என்னை எண்ணவே இல்ல.

அக்கா, இன்னும் அடிக்கலையேன்னு போனையே பாத்துட்டிருப்ப. இதோ, இப்ப அடிக்கும்.

எடுக்கும்போது மூணு பேரும் மூச்சு விடுங்க.