நெட்டுக்குத்தாக நிற்குமா?

"என் பெல்ட் தெரியுதா, பாருங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. மார்லிஸுக்கு மானம் போயிற்று.

அவள் கணவர் வெர்னர், நல்ல வளர்த்தி, ஒரு லேப்டாப்பின் முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அதன் கேமராவில் தன் இடுப்பு பெல்ட் தெரிய வேண்டுமாம்.

"இல்ல சார், தோள் வரைக்கும்தான் தெரியுது," என்றாள் கடைப்பெண் கெய்லா.

"அப்ப இது வேண்டாம்."

"வெர்ன்! இதோட நாலு பார்த்தாச்சு. நீ லேப்டாப் வாங்க வந்தியா, தொப்பையைப் படம் பிடிக்க வந்தியா?"

வீட்டிலிருந்த பழைய லேப்டாப் போன வாரம் மண்டையைப் போட்டுவிட்டது. அதே மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் மார்லிஸ் கிளம்பினாள். இந்த மனிதரோடு கடைக்கு வந்தது அவள் தப்பு.

"திறந்தா திறக்குது, மூடினா மூடுது. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"நெட்டுக்குத்தா நிக்கணும்."

கெய்லா ஒரு கணம் விழித்தாள். பிறகு ஓடிப்போய் வேறொன்றை எடுத்துவந்தாள். "டேப்லெட் மாதிரியும் வச்சுக்கலாம் சார். கீபோர்டு தனியாக் கழண்டுரும்."

வெர்னர் கீபோர்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். திரையை மட்டும் ஒரு பெட்டியில் சாய்த்து, நெட்டுக்குத்தாக நிறுத்தினார். எதிரே போய் நின்றார்.

"பெல்ட்?"

"தெரியுது சார்! தலையிலேர்ந்து பெல்ட் வரைக்கும்!"

"கட்டிக் கொடுங்க."

விலையைப் பார்த்த மார்லிஸுக்கு வயிறு எரிந்தது. சாதாரண லேப்டாப்பைவிட முந்நூறு டாலர் கூடுதல். பில் போடும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இந்தக் கூத்து? நீ என்னிக்காவது அதுல பேசியிருக்கியா? கர்ட் நம்ம பிள்ளைதானே? ஞாயித்துக்கிழமை ஆனா ஆசையாக் கூப்பிடுறான். அவன் பொண்டாட்டி திரைக்கு வந்தாப் போதும், எழுந்து கராஜுக்குப் போயிடுற. அங்க ஒளிஞ்சு குடிக்கிற பீர் அவ்வளவு முக்கியமா?"

வெர்னர் கார்க் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமாச்சு வெர்ன். டெஸ்ஸாவுக்கு ஒரு ஹலோ உண்டா? அவளுக்குக் காது கேக்காதுன்னா அது அவ குத்தமா? நான் அட்டையில பெரிசு பெரிசா எழுதிக் காட்டிப் பேசலையா? மனசு இருந்தா வழி தெரியும். கர்ட் என்ன சொன்னான்? இந்த ஞாயிறும் அப்பா எழுந்து போனா, கிறிஸ்துமஸுக்கு நாங்க டுலூத்துல நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டோம்னான். காதுல விழுந்துச்சா?"

"ம்," என்றார் வெர்னர். காலமெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு 'ம்'தான்.

கல்லோடு குடும்பம் நடத்துகிறேன் என்று மார்லிஸ் முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேஜையில் ரொட்டி டப்பாவில் சாய்ந்து, புதுத் திரை நெட்டுக்குத்தாக நின்றது. மார்லிஸ் மார்க்கரும் அட்டையுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

திரையில் கர்ட் வந்தான். குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். அவன் தோளுக்குப் பின்னால் டெஸ்ஸா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வெர்னர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உக்காரு! என் மானத்தை வாங்காதே!" மார்லிஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் எங்கேயும் போகவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார். பெல்ட் தெரிகிறதா என்று திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தூக்கினார்.

அந்தத் தடித்த விரல்கள் மடங்கின, விரிந்தன, நடுவில் தடுமாறின, மறுபடி முதலிலிருந்து தொடங்கின. டெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கர்ட் திரைக்கு நெருங்கி வந்தான். "அம்மா... அப்பா என்ன சொல்றார் தெரியுமா? 'ரெண்டு வருஷமா கராஜுல போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து இந்தச் சைகை மொழியைத்தான் கத்துக்கிட்டேன். தடி விரல், லேசுல வளையலை. பழைய லேப்டாப்புல மூஞ்சிதான் தெரியும், கை தெரியாது. கோவிச்சுக்காதேம்மா, கிறிஸ்துமஸுக்கு வந்துடு'ங்கிறார்."

டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று கைகளால் பதில் சொன்னாள். வெர்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கை காட்டினார். அவள் திரும்பக் காட்டினாள். கர்ட்டும் சேர்ந்து சிரித்தான்.

"என்ன சொல்றா? வெர்ன், என்ன சொல்றா அவ? எனக்கும் சொல்லுங்களேன்!"

யாருக்கும் அவளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. இரண்டு வருடமாக மருமகளோடு வாய் ஓயாமல் 'பேசி' வந்த மார்லிஸ்தான், கையில் அட்டையோடு, ஒரு வார்த்தையும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.