விளக்கை விட்டு வந்த பூச்சிகள்

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. உரும்பிராயில் ஒரு பிள்ளையார் கோயிலின் தெற்கு வீதியில், மாலைப் பூசை முடிந்த கையோடு, கஜானியின் வலக்கையில் ஓர் அந்துப்பூச்சி வந்து இருந்தது.

அவள் கையை உதறினாள். அது எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே கையில் வந்து இருந்தது.

எதிரே நின்றவர்கள் அவளைப் பெண் பார்க்கக் கொக்குவிலிலிருந்து வந்தவர்கள்: மாப்பிள்ளை கிருஷாந், அவன் தாய் பத்மாசினி. தற்செயலாகக் கோயிலில் சந்தித்ததுபோலத்தான் நின்றார்கள். பிடிக்காமல் போனால் ஒருவர் வீட்டுப் படலையை மற்றவர் திறக்கவில்லை என்றிருக்கும். அதற்காகத்தான் கோயில்.

இது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் தோட்டக் கதையால் குழம்பியவை. இந்த முறை அந்தக் கதையே எடுப்பதில்லை என்று காலையில் வீட்டில் சத்தியம் ஆகியிருந்தது.

தேவாரத்தின் நடுவில் கிருஷாந் ஓர் அடியை மறந்து வாயை மட்டும் அசைத்ததைக் கஜானி கண்டிருந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

இரண்டாவது பூச்சி அவள் மணிக்கட்டில் இருந்தது. பிறகு இன்னொன்று. பின்னேரம் முட்டைக்கோசுத் தோட்டத்தில் செய்த வேலைக்குக் கையுறை போட மறந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“என்ன பிள்ளை, விளக்கு அங்காலை எரிய, பூச்சியெல்லாம் உம்மட்டை வருது?” என்றார் பத்மாசினி.

கஜானியின் தகப்பன் நமசிவாயம் செருமினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

“அங்கிள், உங்கடை ஊர்ப் பூச்சிக்குக் கண் தெரியாதோ?” என்று சிரித்தான் கிருஷாந்.

நமசிவாயத்தின் வெறும் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது.

“உது கண்ணாலை வாறதில்லைத் தம்பி.”

“அப்பா,” என்றாள் கஜானி.

“உதெல்லாம் ஆம்பிளைப் பூச்சி. ஒண்டுகூடப் பெட்டையில்லை. பெட்டை இலையிலை ஆடாமல் அசையாமல் இருந்து, வால் நுனியாலை ஒரு வாசம் விடும். எங்களுக்கு மணக்காது. ஆம்பிளை அதை மீசையாலை பிடிச்சு, காத்துக்கு எதிராப் பறந்து தேடி வரும். அந்த வாசத்தை ஒரு ரப்பர்த் துண்டிலை ஏத்தி விக்கிறாங்கள். என்ரை பிள்ளை அதைப் பொறிக்குள்ளை வைச்சுக் கோவாத் தோட்டத்திலை கட்டினவ. இண்டைக்கு வெறுங்கையாலை தொட்டிட்டா போலை. வாற ஆம்பிளையெல்லாம் உள்ளுக்கு. பெட்டை இடுற முட்டை பொரிக்காது. பொரிக்காட்டிப் புழு எங்காலை?”

மூச்சு வாங்கினார்.

“தனியக் கட்டிச் சரிவராதெண்டு பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாரையும் கட்ட வைச்சவ. முதல்லை அவளைப் பாத்து நக்கலடிச்ச ஆக்கள்தான். இப்ப ஒருதரும் மருந்தடிக்கிறேல்லை.”

கஜானி கண்ணை மூடிக்கொண்டாள்.

தோட்டக் கதை எடுக்கமாட்டேன் என்று காலையில் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர் அவர்தான். முதல் சம்பந்தக்காரர் பெட்டைப் பூச்சியின் சுரப்பிவரை கேட்டுவிட்டு, தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். இரண்டாவது வீட்டாரை அவர் செத்த பூச்சிகளைக் காட்டத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்.

“சிவசிவா,” என்றார் பத்மாசினி. “அண்ணை, கோயில் வீதியிலை கதைக்கிற கதையோ உது?”

“ஏன் தங்கச்சி? எங்கடை ஆக்களின்ரை வழக்கந்தானே. பொம்பிளை தன்ரை வீட்டிலை இருக்கிறா, மாப்பிளைதான் தேடிப் போறவர்.”

“நாங்கள் பொம்பிளையைக் கொக்குவிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதாத்தான் தரகரிட்டைச் சொன்னனாங்கள்.”

“பிறகு தோட்டத்தை ஆர் பாக்கிறது?”

பத்மாசினி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, தேரடிப் பக்கம் நடந்தார். கஜானி பூச்சிகளை உதறுவதை விட்டுவிட்டாள். இனி மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

கிருஷாந் போகவில்லை. அவன் குனிந்து, அவள் மணிக்கட்டில் சிறகடித்த பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொடவில்லை.

“உண்மையான பெட்டை பக்கத்திலை இருந்தாலும் உதுகள் ஏமாந்து பொறிக்குத்தான் போகுமோ?”

கேட்டது கஜானியிடம்.

“சிலது பெட்டையிட்டையும் போகும்,” என்றாள் அவள். “அதாலைதான் நிறையப் பொறி கட்டவேணும்.”

“உந்தத் தோட்டத்தை எனக்கும் ஒருக்காக் காட்டுவியளோ, மாமா?” என்றான் அவன், நமசிவாயத்தைப் பார்த்து.

தேரடியில் நின்ற பத்மாசினி திரும்பினார். அதுவரை அவன் நமசிவாயத்தை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. கிருஷாந் இப்போது உரும்பிராயில் இருக்கிறான்.