சம்பந்திகளின் மோட்டார்

"முந்நூறு ஹெச்.பி. சம்பந்தி, முந்நூறு குதிரை! கொஞ்சம் முறுக்கினாப் போதும், படகு தண்ணியிலயே நிக்காது!"

"குதிரை கூடினா தீனியும் கூடுமே! என்னோடது இருநூத்தைம்பதுதான், ஆனா எடை கம்மி. உங்களுது பெட்ரோல் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கரைக்கு வந்து காபி குடிச்சிருப்பேன்."

பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் சந்தித்தாலே இந்தப் பேச்சுதான். இருவருமே மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்கள். கல்யாணத்தில் எத்தனையோ விட்டுக்கொடுத்தவர்கள், படகின் பின்னால் தொங்கும் மோட்டார் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார்கள்.

கடைசியில் போட்டியே வைத்துவிட்டார்கள். ஞாயிறு காலை, படகுத்துறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

கல்யாண ஆல்பம்கூட இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் இப்படியா என்று இளசுகள் இரண்டும் தனியே உட்கார்ந்து புலம்பின.

"உங்கப்பா தோத்தா அப்புறம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுவாரா?" என்றாள் அவள்.

"உங்கப்பா தோத்தா நான் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியுமா?" என்றான் அவன்.

"இந்த வயசுல இவங்களுக்கு என்னங்க வீம்பு! நம்மளைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்தாங்களா?"

ஞாயிறும் வந்தது, விசிலும் ஊதியாயிற்று. துறையே வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது.

இரண்டு மோட்டாரும் காது கிழிய உறுமின. படகுகளோ, சாப்பிட்ட பிறகு உலாத்தக் கிளம்பியது மாதிரி நகர்ந்தன.

பாதி வழியில், நாற்பது ஹெச்.பி. மோட்டார் மாட்டிய காய்கறிப் படகு ஒன்று இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு முன்னால் போனது.

"என்ன பெரியவங்களே, கயிறு போட்டு இழுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் காய்கறிக்காரர். கரையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

ஒருவழியாக இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் கரை சேர்ந்தன. மகன் பதறிப்போய் அப்பாவின் படகில் குதித்து, மீன் போடும் அறையைத் திறந்தான். விளிம்பு வரை தண்ணீர்!

"ஐயோ, அடியில ஓட்டையாப்பா?"

"கத்தாதடா! நான்தான் ரொப்பி வெச்சேன். நான் ஜெயிச்சா சம்பந்தி முகம் வாடும். அதைப் பார்த்து மருமக கண்ணைக் கசக்கும். அந்த ஜெயிப்பு எனக்கு எதுக்கு?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்துப் படகுக்குக் கேட்டுவிட்டது.

பெண்ணின் அப்பா விருட்டென்று எழுந்தார். தன் படகின் பின்பக்கம் குனிந்து, தண்ணீருக்குள் கிடந்த ஒரு கயிற்றைச் சரசரவென்று இழுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக வாளிகள் மேலே வந்தன.

"தண்ணி ரொப்பினாராம், தண்ணி! மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு நான் நாலு வாளியைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கேன். விட்டுக்கொடுக்கறதுலயும் நீங்க என்னை ஜெயிக்க முடியாது சம்பந்தி!"