கொடிக்காரனின் கை

எட்வின் மேசைமேல் ஒரு விமானந்தாங்கிக் கப்பலைச் செய்து முடித்தார். கப்பல் முழங்கை நீளம்தான். தளத்தில் ஈ அளவு விமானங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு எதிரே, கொடியைத் தூக்கிப் பிடித்தபடி அரிசி அளவில் ஒரு கொடிக்காரன். அவன் கையை இறக்கினால் முதல் விமானம் கிளம்ப வேண்டும்.

விடிந்தால் போதும், அந்த விமானம் ஆரம்பித்துவிடும். “யோவ், கையை இறக்குய்யா! உன்னாலதான் நான் இங்கேயே கிடக்கிறேன். இந்நேரம் மேகத்துக்கு மேல போயிருப்பேன்.”

கொடிக்காரன் வாயே திறக்க மாட்டான். எட்வின் அந்த விமானத்தை இடுக்கியால் பிடித்து, சக்கரங்களில் பசை தொட்டுத் தளத்தோடு ஒட்டியதை எதிரே நின்று பார்த்தவன் அவன். விமானத்துக்குத் தன் வயிற்றுக்குக் கீழே இருப்பது தெரியாது.

ஒருநாள் தூசி தட்டும்போது தூரிகை பட்டு, கொடிக்காரனின் கை ஒடிந்து கொடியோடு கீழே விழுந்தது.

“கை இறங்கிடுச்சு, கிளம்பு, கிளம்பு!” என்று பின்னாலிருந்த விமானங்கள் கத்தின.

முதல் விமானம் முக்கிப் பார்த்தது. அசைய முடியவில்லை. மெல்லக் கேட்டது: “அது நீ இறக்கினது இல்லையே? தானா விழுந்ததுதானே?”

ஒடிந்த தோளோடு கொடிக்காரன் அதைப் பார்த்தான். “ஆமா. அது கணக்குல வராது” என்றான்.

மாலையில் எட்வின் அந்தக் கையைத் தேடி எடுத்து, பசை வைத்து, பழையபடி தூக்கி ஒட்டினார்.

விமானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“யோவ், கையை இறக்குய்யா!”