உப்பு பத்தலை, லொரெட்டா!

"இது சூப்பா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா? லொரெட்டா!"

பக்கத்து மேஜைக் கிழவர் போட்ட சத்தத்தில், ஜோலீன் கையிலிருந்த ரொட்டி வெண்ணெய்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் உருப்படியாகச் சாப்பிட லொரெட்டாவின் கடையை விட்டால் வேறு இடமில்லை. முதலாளியும் அவளே, சமையலும் அவளே. கல்யாண நாளைக் கொண்டாட ஜோலீனும் கிளைடும் பக்கத்து ஊரிலிருந்து பனியில் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள் லொரெட்டா.

"என்ன ஹார்லன், உப்பு கம்மியா?"

"கம்மியாவா? உப்பு டப்பாவைப் பூட்டி வெச்சிட்டியா? மிளகும் பத்தலை. எடுத்துட்டுப் போ!"

சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இவர் எப்பவும் இப்படித்தானா?" பரிமாற வந்த பெண்ணிடம் கேட்டாள் ஜோலீன்.

"தினம் இதே கூத்துதான். கதவைத் திறந்ததும் முதல் ஆளா வந்துடுவார். எதைக் கொடுத்தாலும் குறை. நாங்க ஏதாவது சொன்னா லொரெட்டா எங்க மேலதான் பாயறாங்க!"

அடுத்து கோழி வறுவல் போனது.

"கிரேவியா இது, ஜாமா? மேப்பிள் பாகைப் புட்டியோட கவுத்துட்டியா?"

ஜோலீனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள்.

"வேண்டாம் ஜோலீன். இன்னிக்கு நம்ம கல்யாண நாள்" என்றான் கிளைட்.

"அதுக்காக வாயை மூடிட்டு இருக்கணுமா?"

"வருஷத்துல ஒரு நாள்தானே கேட்கறேன்!"

அவள் அதற்குள் கிழவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

"இங்க பாருங்க பெரியவரே! அந்தப் பொம்பளை தனியா அடுப்புல வெந்துகிட்டிருக்கா. பிடிக்கலைன்னா வீட்ல போய் முட்டை பொரிச்சுச் சாப்பிடுங்க. அவ உயிரை எதுக்கு எடுக்கறீங்க?"

கடையே கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

ஹார்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சமையலறைக் கதவைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, தொப்பியை எடுத்து மாட்டி வெளியே நடந்தார்.

போரில் ஜெயித்த தளபதி மாதிரி வந்து உட்கார்ந்தாள் ஜோலீன்.

கொஞ்ச நேரத்தில் லொரெட்டா புது கிரேவியோடு வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்து நின்றாள்.

"ஹார்லன் எங்கே?"

"துரத்திட்டேன். இனிமே நீங்க நிம்மதியா சமைக்கலாம்."

லொரெட்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, துரத்திட்டியா? இன்னும் மீன் இருக்கே... பட்டாணி இருக்கே..."

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து ஜோலீன் காதில் என்னவோ சொன்னாள்.

அடுத்த நொடி ஜோலீன் கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினாள். ஜன்னல் வழியே கிளைட் பார்த்தான். அவள் கிழவர் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் தலையை ஆட்டி மறுக்கிறார். அவள் கெஞ்சுகிறாள்.

கடைசியில் அவரைக் கூட்டி வந்து அதே நாற்காலியில் உட்கார வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"திட்டுங்க பெரியவரே. நல்லா சத்தமா திட்டுங்க!"

கைதட்டினவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

ஹார்லன் புது கிரேவியை ஒரு வாய் ருசி பார்த்தார்.

"லொரெட்டா! இதுல இப்போ உப்பைக் கொட்டிட்டே! கொஞ்சம் பாலேடு விட்டுக் கொண்டா!"

லொரெட்டா மலர்ந்த முகத்தோடு உள்ளே ஓடினாள்.

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றான் கிளைட்.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"போன வருஷக் காய்ச்சல்ல லொரெட்டாவுக்கு ருசியும் வாசனையும் சுத்தமா போயிடுச்சாம். வெளிய தெரிஞ்சா கடையை மூட வேண்டியதுதான். ஊரே காறித் துப்பினாலும் பரவாயில்லைன்னு, தினம் அவளோட நாக்கா வந்து உட்கார்றார் அந்த மனுஷன்!"