பெற்றவர்கள் வந்தால்

செபஸ்தியம்மாளின் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு. வடைத் தட்டை நீட்டும்போது அதைப் பார்த்துவிட்ட நாகஜோதி, பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த அம்மா பட்ட பாட்டை வாய்விட்டு வேறு கேட்க வேண்டுமா என்றிருந்தது அவளுக்கு.

பழனிசெட்டிபட்டிக் குடும்ப உதவி மையத்தில் நாகஜோதி ஆலோசகராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மையத்தை எப்படி நடத்தலாம் என்று யோசனை சொல்ல ஊர்க்காரர்களைக் கொண்டு புதிதாக ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முத்துராஜா தலைவர். மையத்துக்கு வந்துபோன குடும்பங்களின் சார்பில், திராட்சைத் தோட்ட வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பண்ணைப்புரத்திலிருந்து வந்திருந்தார் செபஸ்தியம்மாள். மற்றவர்கள் வடைக்கும் போட்டோவுக்கும் வந்தவர்கள்.

முதல் கூட்டம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. புருஷன் அடித்து விரட்டியதால் முந்தாநாள் மையத்துக்கு வந்து, உள்ளறையில் தங்கியிருந்த பூமாரியை அழைத்துப்போக, அவளுடைய அம்மா உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்தார்.

நாகஜோதிக்குப் பெரிய நிம்மதி. பெற்றவர்கள் வந்து கேட்டால் அனுப்பிவிடுவதுதான் மையத்தின் வழக்கம். பூமாரியும் மறுபேச்சில்லாமல் துணிப்பையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அனுப்பாதீக" என்றார் செபஸ்தியம்மாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற தாயைவிட ஒரு பெண்ணுக்கு வேறு யார் பாதுகாப்பு என்று முத்துராஜா சிரித்துக்கொண்டே கேட்டார். செபஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாக வைத்து, அவள் மனசு என்ன சொல்கிறது என்று கேட்காமல் அனுப்பக் கூடாது, இனிமேல் அதுதான் இங்கே வழக்கமாக இருக்க வேண்டும் என்றார்.

"இதே வாசல்ல இருந்து ஒரு பிள்ளைய ஆத்தா வந்து கூட்டிட்டுப் போனா சார். இளையவளுக்கு நிச்சயம் பேசியிருந்தாக. மூத்தவ வாழாம வந்து உக்காந்திருந்தா சம்பந்தம் முறிஞ்சிரும்னு பயம். வீட்டுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல, நேரா புருஷன் வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டா. மறு வாரமே அவன் தீய வச்சுட்டான்."

தன் கதையை யாரோ ஒருத்தியின் கதைபோலச் சொல்லத்தான் ஒரு பெண்ணுக்கு முடியும் என்று எண்ணியபோது நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். போக விருப்பமா என்று பூமாரியிடம் கேட்டாள்.

பூமாரி துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆத்தா என்னைய அங்கனதேன் கொண்டுபோயி விடும்க்கா. நான் போகல."

இப்போதைக்கு அனுப்ப முடியாது என்று நாகஜோதி வாசலில் வந்து சொன்னதும், பூமாரியின் அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினார். பெற்றவளுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு என்ன என்று கேட்டார். கடைசியில் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறிப் போனார். அதைப் பார்க்க நாகஜோதிக்குப் பாவமாகத்தான் இருந்தது.

முத்துராஜாவுக்குத் தான் சிரித்தது உறுத்தியிருக்க வேண்டும். செபஸ்தியம்மாளின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க ஆத்தாவ மன்னிச்சிருங்க தாயி. ஏதோ கடவுள் புண்ணியம், நீங்க பொழைச்சு வந்துட்டீக."

ஆட்டோ போன பாதையிலிருந்து செபஸ்தியம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

"அவ பொழைக்கல சார். பாக்கப் போன எடத்துல தீய அணைச்ச கைதேன் இது. கூட்டிட்டுப் போன ஆத்தா நாந்தேன்."